மந்திரவாதி எதிரிக்கு மூன்று சுற்று எழுதினால் போதும்

வந்த கேள்வி இது: ஐந்தாம் லெவல் குழு, நாலு பேர். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டு. எந்தக் கதையிலும் இறக்கிவிடக்கூடிய ஒரு பொதுவான மந்திரவாதி எதிரி வேண்டும். புத்தகத்தில் இருக்கும் மந்திரவாதியை எடுத்தால் ஒன்று முதல் சுற்றிலேயே செத்துப்போகிறான், இல்லையென்றால் ஒரே ஃபயர்பாலில் (வெடிக்கும் நெருப்பு மந்திரம்) பாதிக் குழுவைச் சாய்த்துவிடுகிறான். இரண்டுக்கும் நடுவில் ஒருவனை எப்படி அமைப்பது?

இரண்டு தொல்லைக்கும் வேர் ஒன்றுதான். அந்த மந்திரவாதி, ஆட்டக்காரரின் கேரக்டரை எழுதுவது போலவே எழுதப்பட்டவன். எதிரிகளின் அதிகாரப்பூர்வப் புத்தகமான 2014 மான்ஸ்டர் மேனுவலில் ‘மேஜ்’ என்ற பெயரில் இருப்பவனைப் பாருங்கள். ஒன்பதாம் லெவல் மந்திரவாதி, சிஆர் (எதிரியின் கடினத்தைச் சொல்லும் எண்) 6, ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 40. ஸ்பெல் (மந்திரம்) பட்டியலில், எத்தனை முறையும் போடக்கூடிய சின்ன ஸ்பெல்லான கான்ட்ரிப்பையும் சேர்த்து, 16 ஸ்பெல். ஸ்பெல் ஸ்லாட், அதாவது ஒரு நாளில் பெரிய ஸ்பெல் போடக் கிடைக்கும் தவணை, மொத்தம் 14. இதில் அவன் எத்தனையை உபயோகிக்கப் போகிறான்? மூன்று, அதிகம் போனால் நாலு. மிச்சம் பத்தும் அவனோடு சேர்ந்து தரையில் விழுகிறது.

ஸ்லாட் முறை எதற்காக இருக்கிறது என்று யோசித்தால் இது விளங்கும். ஆட்டக்காரருக்கு ஒரு நாளில் பல சண்டை உண்டு. இப்போது செலவழிக்கலாமா, அடுத்த அறைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவர் தவிக்க வேண்டும். அந்தத் தவிப்புக்காகத்தான் ஸ்லாட். எதிரி மந்திரவாதிக்கு அடுத்த அறை கிடையாது. அவன் வாழ்நாளே மூன்று சுற்று. அவனுக்குச் சேமிப்புக் கணக்கு எழுதிக் கொடுத்தால் ஆட்டத்தை நடத்தும் டிஎம்மான உங்களுக்குத்தான் பாரம். ஸ்பெல்லுக்கு ஸ்பெல் புத்தகத்தைப் புரட்டுவீர்கள், மேசை காத்திருக்கும்.

ஆகவே என் பதில்: ஸ்பெல் பட்டியலை விட்டுவிடுங்கள். அவன் ஆடப்போகும் மூன்று சுற்றை எழுதுங்கள்.

முதலில் அந்த 40 ஹெச்பி ஏன் ஒரு சுற்றில் கரைகிறது என்று கணக்குப் போட்டுவிடுவோம், பிறகு எண்களை மாற்றும்போது குருட்டாம்போக்கில் மாற்ற வேண்டியிருக்காது. மேஜ் ஆர்மர் என்ற காப்பு ஸ்பெல் போட்டுக்கொண்டால் அவன் ஏசி (அடி படப் பகடை எட்ட வேண்டிய எண்) 15. ஐந்தாம் லெவல் ஆட்டக்காரருக்கு அடிக்கும் பகடையோடு கூட்ட +7 இருக்கும் என்று வையுங்கள், இருபது முகப் பகடையில் 8 விழுந்தால் போதும், அதாவது 65 சதவீத வாய்ப்பு. குழுவில் வாள்வீரரான ஃபைட்டர், பதுங்கிக் குத்தும் ரோக், மந்திரவாதியான விசார்ட், குணப்படுத்தும் கிளெரிக் என்று நாலு பேர். பெருவாள் பிடித்த ஃபைட்டர் இரண்டு வெட்டு, வெட்டுக்குச் சராசரி 11. வாய்ப்போடு பெருக்கினால் சுமார் 14. ரோக்கின் ஒரு குத்து ஸ்னீக் அட்டாக்கோடு சராசரி 19, வாய்ப்போடு 12. விசார்ட் ஃபயர் போல்ட் எய்தால் 7. கிளெரிக்கின் சேக்ரட் ஃபிளேம் 5. கூட்டினால் 38, 39 வருகிறது. ஒருவரும் ஒரு ஸ்லாட்கூடச் செலவழிக்காமல், நாலு பேரும் அவனையே குறிவைத்தால் வரும் கணக்கு இது. 40 ஹெச்பி என்பது சரியாக ஒரு சுற்று ஆயுள்.

மறுபக்கம் ஃபயர்பால் 8டி6 (ஆறுமுகப் பகடை எட்டு), சராசரி 28. கான்ஸ்டிட்யூஷன் (உடல் வலு) 14 உள்ள ஐந்தாம் லெவல் விசார்டுக்கு ஹெச்பி 32. சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்கும் பகடை, தவறினால் 4 மிஞ்சும். அடுத்த சுற்றில் கோன் ஆஃப் கோல்ட் என்ற குளிர் ஸ்பெல், 8டி8, சராசரி 36. அதோடு முடிந்தது. டிஎம் வழிகாட்டியின் அட்டவணையில் 40 ஹெச்பி, சிஆர் 1/4 எதிரிக்கான வரிசையில் வருகிறது. சிஆர் 6-க்கு அதே அட்டவணை 146 முதல் 160 வரை சொல்கிறது. உடம்பு ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாக இவ்வளவு விலகி நிற்கும்போது, ஆடும் வரிசையைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவில் யார் முந்துகிறார்கள் என்பதே சண்டையின் முடிவு. நீங்கள் பார்த்த இரண்டு விளைவும் அங்கிருந்துதான் வந்தன.

இனி நான் வைத்திருக்கும் மந்திரவாதி. இதே ஐந்தாம் லெவல் குழுவுக்கு, கூடவே இரண்டு மூன்று காவலரோடு வருபவன்.

ஏசி 14, ஹெச்பி 65, வேகம் 30 அடி. சேவிங் த்ரோவில் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +2, கான்ஸ்டிட்யூஷன் +3, விஸ்டம் (மனத்தெளிவு) +4. அவனுடைய டிசி (அவன் ஸ்பெல்லிலிருந்து தப்பப் பகடை எட்ட வேண்டிய எண்) 14. காவலர் குறுக்கே நிற்பதால் குழுவின் அடியில் பாதிதான் அவனைச் சேரும். சுற்றுக்கு 20 என்றால் 65 ஹெச்பி மூன்று சுற்றுக்கு வரும். அவனுக்கு நாலே திறன்.

வீச்சு. 90 அடி தூரம், +6, ஒரு டர்னில் (சுற்றில் அவன் ஆடும் வேளையில்) இரண்டு முறை, அடிக்கு 2டி8+3. இது அவனுடைய அன்றாட வேலை. இரண்டையும் ஒருவர் மீதே எறிய வேண்டும் என்றில்லை.

குறி. சண்டைக்கு இரண்டு முறை. 60 அடிக்குள் தரையில் ஓர் இடத்தைக் காட்டுகிறான். 15 அடி ஆரத்துக்கு வட்டம் ஒளிர்கிறது. அவனுடைய அடுத்த டர்ன் தொடங்கும்போது அது வெடிக்கும். உள்ளே இருப்பவர்கள் டெக்ஸ்டெரிட்டி சேவ், தவறினால் 8டி6, தப்பினால் பாதி.

சுவர். ஒரு முறை. 30 அடி நீளம், 10 அடி உயரம், ஊடே பார்க்க முடியாத புகை. நடந்து கடக்கலாம், காயம் கிடையாது. அவனுடைய அடுத்த டர்ன் முடியும்வரை நிற்கும்.

நழுவல். ரியாக்‌ஷன், இரண்டு முறை. அதாவது பிறர் டர்னில் உடனே செய்யும் எதிர்வினை: கைக்கெட்டும் தூரத்து அடி பட்டால் அந்த அடியில் பாதிதான் ஏறும், அவன் 20 அடிக்குள் வேறோர் இடத்தில் தோன்றுவான்.

இந்த நாலில் உயிர்நாடி குறிதான். ஃபயர்பாலின் அதே 8டி6-ஐ அப்படியே வைத்திருக்கிறேன், ஆனால் ஒரு சுற்று தாமதம் சேர்த்திருக்கிறேன். அந்தத் தாமதத்தால் மேசையில் எல்லாம் மாறும். ஃபயர்பால் விழுந்தால் ஆட்டக்காரர் செய்யக்கூடியது பகடை உருட்டுவது மட்டும். குறி விழுந்தால் ஒவ்வொருவரும் ஒரு முடிவெடுக்க வேண்டும். வட்டத்தைவிட்டு ஓடலாம், ஆனால் எதிரே ஈட்டியோடு நிற்பவன் விலகிப்போகும்போது கிடைக்கும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கை அடிப்பான். மயங்கிக் கிடக்கும் நண்பன் வட்டத்துக்குள் இருந்தால் இழுத்துக்கொண்டு போகலாமா, அங்கேயே குணப்படுத்தலாமா? எண் அதேதான். அந்த எண்ணுக்கும் தனக்கும் நடுவில் தன் மூளை இருக்கிறது என்று ஆட்டக்காரர் உணர்கிறார்.

என் மேசையில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன். மண்ணுக்கடியில் ஒரு பழைய சுவடி அறை. 15 அடி உயரத்தில் மாடம், அதில் மந்திரவாதி. மாடத்துக்கு ஏறும் படிக்கட்டில் இரண்டு ஈட்டிக்காரர். முதல் சுற்றில் அவன் கையைக் கீழே காட்டினான். “உங்கள் காலடியில் கல் சிவக்கிறது. பூட்ஸைத் தாண்டிச் சூடு ஏறுகிறது” என்றேன். ஃபைட்டரும் கிளெரிக்கும் வட்டத்துக்குள். ஃபைட்டர் ஆடுபவர் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “நான் விளிம்பில்தானே நிற்கிறேன்? இந்த ஈட்டிக்காரன் விளிம்புக்கு வெளியே, சரியா?” என்று கேட்டார். சரி என்றேன். தன் இடத்தைச் சுற்றி வந்து ஈட்டிக்காரனின் மறுபக்கம் நின்றுகொண்டார். இரண்டு வெட்டில் ஒன்றை விட்டுக்கொடுத்து அவனை ஐந்தடி உள்ளே தள்ளினார். பகடை கைகொடுத்தது. மிச்சமிருந்த வெட்டில் அவனைக் காயப்படுத்தியும் விட்டார். கிளெரிக் வெளியே ஓடியாயிற்று. இரண்டாம் சுற்று தொடங்கியதும் வட்டம் வெடித்தது. உள்ளே இருந்தது அந்த ஈட்டிக்காரன் மட்டும். மேசையில் எழுந்த கூச்சலை இன்னும் மறக்கவில்லை.

அப்போதும் மந்திரவாதி ஏமாந்துபோன பொம்மை ஆகிவிடவில்லை. வீச்சு இரண்டும் விசார்ட் மீது போனது, ஒன்று பட்டது, 13. ரோக் தூணைப் பிடித்து மாடத்துக்கு ஏறிக் குத்தினார். நழுவல், பாதி அடி, மந்திரவாதி மாடத்தின் மறுகோடியில். மூன்றாம் சுற்றில் சுவரை எழுப்பி மாடத்தையும் கூடத்தையும் பிரித்தான், இப்போது அவனோடு ரோக் தனியாக. அந்த இடத்தில் கிளெரிக் சைலன்ஸ் போட்டார், 20 அடி ஆரத்துக்கு ஓசையே கிடையாது. வாய்திறந்து சொல்லாமல் குறி போட முடியாது என்று நான் முன்பே எழுதிவைத்திருந்தேன். நாலாம் சுற்றில் அவன் கைகளை மேலே தூக்கினான்.

நாலு சுற்று. எல்லாரும் பயந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. ஒவ்வொருவரும் ஒரு காரியமாவது செய்தார்கள். நீங்கள் கேட்ட நடுப்பகுதி இதுதான்.

ஆளை அசையாமல் உறையவைக்கும் ஹோல்ட் பெர்சன் ஏன் இல்லை என்று கேட்கலாம். ஆட்டக்காரரின் டர்னைப் பறிக்கும் எந்த ஸ்பெல்லையும் பொது மந்திரவாதிக்கு நான் தருவதில்லை. இதில் எனக்குப் பிடிவாதமே உண்டு. விஸ்டம் சேவ் தவறிய ஃபைட்டர் தன் டர்ன் வந்ததும் ஒரு பகடை உருட்டுகிறார், மறுபடி தவறுகிறார், கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அந்த மாலையில் ஆடத்தான் அவர் வந்தார். கட்டிப்போட வேண்டுமென்றால் வலை விரிக்கும் வெப் போன்றதைத் தேர்ந்தெடுங்கள். வலையில் சிக்கினாலும் அறுத்துக்கொண்டு வெளியேறலாம், நண்பன் தீ வைக்கலாம், கைக்கெட்டுபவனை அடிக்கவும் செய்யலாம். பெயர் சொல்லி வரும் பெரிய வில்லன் விஷயம் வேறு. அவனுக்கு ஹோல்ட் பெர்சன் பொருந்தும். அந்தக் கணத்துக்குக் கதையில் எடை இருக்கிறது.

கான்சன்ட்ரேஷனும், அதாவது கவனம் சிதறாமல் தக்கவைக்க வேண்டிய ஸ்பெல்லும், வேண்டாம். அடி பட்டால் டிசி 10, அல்லது பட்ட காயத்தில் பாதி, எது அதிகமோ அது. கான்ஸ்டிட்யூஷன் +0 வைத்திருக்கும் புத்தக மந்திரவாதி டிசி 10-ஐத் தாண்ட 55 சதவீதம். இரண்டு அடிக்கு 30 சதவீதமாகிறது, மூன்றுக்கு 17. ஒரு ஆக்‌ஷனையே செலவழித்துப் போட்ட ஸ்பெல் அவனுடைய அடுத்த டர்னைக்கூடப் பார்ப்பதில்லை. மேலே சொன்ன நாலு திறனுக்கும் கான்சன்ட்ரேஷன் கிடையாது என்று வைத்ததற்குக் காரணம் அதுதான்.

புத்தக மந்திரவாதியை வைத்தே ஆடுவது என்றால் இரண்டு விதியை மட்டும் மறக்காதீர்கள், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஏசியை உயர்த்தும் ஷீல்ட், எதிராளியின் ஸ்பெல்லைத் தடுக்கும் கவுன்ட்டர்ஸ்பெல் இரண்டும் ரியாக்‌ஷன். ஒரு சுற்றில் ஒன்றுதான். ஏசியை 20 ஆக்கிக்கொண்டவன் அதே சுற்றில் உங்கள் விசார்டைத் தடுக்க முடியாது. இந்த ஓட்டையை ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்கட்டும், அதில் ஒரு சுகம் இருக்கிறது. அடுத்து, 2014 விதிப்படி போனஸ் ஆக்‌ஷனில் நொடியில் இடம் மாறும் மிஸ்டி ஸ்டெப் போட்டுத் தப்பியவன் அதே டர்னில் ஃபயர்பால் போட முடியாது, ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கான்ட்ரிப் மட்டும்தான். இதை மறந்தால் அவன் சிஆர் சொல்வதைவிடக் கொடியவனாகிவிடுவான்.

என் மந்திரவாதியின் திறன்கள் ஸ்பெல்லா, இல்லையா? குழுவில் கவுன்ட்டர்ஸ்பெல் வைத்திருப்பவர் முதல் சுற்றிலேயே இதைக் கேட்பார். முன்பே முடிவு செய்துவிடுங்கள். என் முடிவு: குறியும் சுவரும் மூன்றாம் லெவல் ஸ்பெல், தடுக்கலாம். வீச்சும் நழுவலும் ஸ்பெல் அல்ல. 2022-க்குப் பிறகு வந்த அதிகாரப்பூர்வ எதிரிகளும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறார்கள். ஸ்லாட்டை எடுத்துவிட்டு ‘ஒரு நாளைக்கு இத்தனை முறை’ என்று எழுதுகிறார்கள், சாதாரண அடியைத் தனியாகக் கொடுக்கிறார்கள். 2025 மான்ஸ்டர் மேனுவலில் அதே சிஆர் 6 மந்திரவாதிக்கு ஹெச்பி 81, ஒரு டர்னில் மூன்று அடி. நல்ல மாற்றம் என்றே சொல்வேன். ஆனால் அந்தச் சாதாரண அடியைக் கவுன்ட்டர்ஸ்பெல்லால் தடுக்க முடியாது என்ற மனக்குறை ஆட்டக்காரர்களிடம் இருக்கிறது, அது நியாயமானதும்கூட. தடுக்கும் திறனைத் தேடி எடுத்தவருக்குத் தடுக்க ஏதாவது இருக்க வேண்டும். அதனால்தான் பெரிய இரண்டையும் ஸ்பெல்லாகவே விட்டிருக்கிறேன்.

எதிரி கையில் கவுன்ட்டர்ஸ்பெல் கொடுப்பது வேறு விஷயம். கொடுத்தால் ஒன்றே ஒன்று. விசார்ட் ஆடுபவரின் முழு டர்னும் ‘நடக்கவில்லை’ என்று முடிவதை ஒரு சண்டையில் ஒருமுறை பொறுத்துக்கொள்வார். இரண்டாம் முறை அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

தனியாக மட்டும் இறக்காதீர்கள். ஒருவன் ஒரு டர்ன் ஆடுவதற்குள் எதிரே நாலு டர்ன் போய்விடும். எந்த ஹெச்பியும் அதை ஈடுகட்டாது. 2008-இல் வந்த நாலாம் பதிப்பு இதை நன்றாகவே யோசித்திருந்தது. எதிரிகளுக்குப் பங்கு பிரித்தார்கள்: தூரத்திலிருந்து அடிப்பவன், களத்தைக் கட்டுப்படுத்துபவன், முன்னால் தாங்குபவன் என்று. ஒரே ஒரு ஹெச்பி உள்ள அடியாட்களும் அதில் உண்டு, ஓர் அடி பட்டால் காலி. அந்த அடியாட்களை ஐந்தாம் பதிப்பிலும் தாராளமாகக் கொண்டுவரலாம். இரண்டு காவலருக்குப் பதில் ஆறு அடியாட்களை நிறுத்தினால் சண்டையின் நிறமே மாறும். ஆட்டக்காரரின் ஃபயர்பாலுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

இடம் பற்றிக் கொஞ்சம். மந்திரவாதியின் உண்மையான கவசம் தூரம். ஆட்டக்காரர் ஒரு டர்னில் 30 அடி நடப்பார், அடிக்காமல் ஓடும் டாஷ் எடுத்தால் 60. அவனை 50 அடிக்கு அப்பால், ஏற வேண்டிய இடத்தில், நடுவில் சுற்றிப் போக வேண்டிய ஏதோ ஒன்றோடு நிறுத்துங்கள். தூண்கள் வையுங்கள், இரு தரப்பும் ஒளிந்துகொள்ளட்டும். ஒளிய இடமே இல்லாத வெட்ட வெளியில் மந்திரவாதிச் சண்டை வெறும் பகடைக் கணக்காகிவிடும்.

லெவல் மாறினால் எண்ணை மாற்றுங்கள், எலும்புக்கூடு அதே. நான் வைத்திருக்கும் அளவுகோல்: குறியின் சராசரி, குழுவிலேயே மெலிந்தவரின் முழு ஹெச்பியைத் தாண்டக் கூடாது. ஐந்தாம் லெவலில் 28-க்கு எதிரே 32, சரி. மூன்றாம் லெவலில் அதே விசார்டுக்கு 20 ஹெச்பி, ஆகவே 4டி6. மந்திரவாதிக்கு 40 ஹெச்பி போதும். முதல் லெவலில்தான் அதிகக் கவனம் வேண்டும். விசார்டுக்கு ஹெச்பி 8. விழுந்த பிறகு மிஞ்சும் காயம் அவருடைய முழு ஹெச்பியை எட்டினால் அதே இடத்தில் மரணம் என்பது விதி. 3டி6 போட்டால் 16 அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்பு உண்டு, மயக்கம் இல்லை, நேரே சாவு. 2டி6 போட்டால் உச்சபட்சம் 12. சாய்வார், ஆனால் காப்பாற்றிவிடலாம். முதல் லெவல் மந்திரவாதிக்கு 2டி6, அதற்கு மேல் வேண்டாம். எட்டாம் லெவலுக்கு 10டி6, டிசி 16, ஹெச்பி 110, காவலருக்கும் கொஞ்சம் புத்தி.

இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஆடுபவர்களுக்கு ஒரு வரி: அங்கே டர்னுக்கு மூன்று ஆக்‌ஷன், பெரும்பாலான ஸ்பெல்லுக்கு இரண்டு போய்விடும். மூன்றாவதை அவன் எதற்குச் செலவழிக்கிறான் என்று எழுதிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

‘பொதுவான’ என்று கேட்டீர்கள். பொதுவானவன் என்பதால் மேசையில் முகமற்றவனாக நிற்க வேண்டியதில்லை. எலும்பு நாலு திறன், மேலே போர்த்துவது எதுவாகவும் இருக்கலாம். நெருப்பை எடுத்துவிட்டுக் குளிர் போடுங்கள், குறி வைத்த தரையில் பனி பூக்கும், நழுவும்போது உடைந்த பனிக்கட்டி கீழே சிதறும். பிணங்களை எழுப்புபவன் என்றால் வட்டத்திலிருந்து கைகள் முளைக்கட்டும், சுவர் ஈக்கூட்டமாக இருக்கட்டும், காவலர் எலும்புக்கூடுகளாகட்டும். காட்டுச் சூனியக்காரி என்றால் வேர், மகரந்தம், அவள் நின்ற இடத்தில் உதிரும் இலைகள். காயத்தின் வகை, கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம், நழுவலின் தோற்றம், இந்த மூன்றை மாற்றினால் அடுத்தடுத்த வாரங்களில் இறக்கினாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நான் ஒரு சின்ன அட்டையில் எழுதி எப்போதும் கையில் வைத்திருக்கிறேன், முன்பக்கம் எண்கள், பின்பக்கம் மூன்று போர்வை.

அட்டையில் இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். அவன் எப்போது நிறுத்துவான்? 20 ஹெச்பிக்குக் கீழே போனால் ஓடுவானா, சரணடைவானா, காவலரைக் கைவிடுவானா? சாகும்வரை சண்டையிடுபவன் வெறியன் மட்டும்தான். கூலிக்கு வந்தவனுக்கு உயிர் முக்கியம். பிடிபட்டவன் வாயிலிருந்து வரும் செய்தியில் அடுத்த சண்டைக்கான கதை கிடைத்துவிடும்.

இரண்டாவது வரி, அவன் பையில் என்ன. ஸ்பெல் புத்தகம் இருக்கட்டும். அதில் 16 வேண்டாம், மூன்று போதும், அதில் ஒன்றாவது உங்கள் விசார்டிடம் இல்லாததாக இருக்கட்டும். தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ள ஸ்பெல்லின் லெவல் ஒன்றுக்கு 50 பொற்காசும் 2 மணி நேரமும் ஆகும். மூன்றாம் லெவல் என்றால் 150 பொற்காசு. அந்த 150-ஐ யார் கொடுப்பது என்று குழு தங்களுக்குள் பேரம் பேசத் தொடங்கும், நீங்கள் அதற்குள் அடுத்த அறையின் வரைபடத்தை எடுத்துவிடலாம்.